பதினோராம் மாடியில் ஒரு சொம்பு

7

சூசைமாணிக்கம் ஓடிப்போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டிய பிறகு, அவருடைய பெட்டியைத் திறந்து பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர், சேலத்தில் சைக்கிள் கடை மாடியில் போர்டு மாட்டியிருக்கும் துப்பறிவாளர் அங்கப்பன். இன்னொருத்தி, அவருடைய உதவியாளர் இன்பமேரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரியை லைனிலேயே கிண்டல் செய்துவிட்டு வேலையை இழந்தவள். இவர்களை விட்டால் சூசைமாணிக்கத்தின் மனைவி ஞானசுந்தரிக்கு வேறு நாதி கிடையாது.

அவள் இன்னும் அழவில்லை. அழுதால் ஊர் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஏற்காட்டு மலையில் நாகலூரில் கந்தசாமி எஸ்டேட்டின் கணக்கெழுதும் ரைட்டர் சூசைமாணிக்கம். காப்பிக் கண்காட்சிக்காக உஸ்பெக் நாட்டுத் தலைநகரம் தாஷ்கண்டுக்கு முதலாளி கந்தசாமி அவரையும் கூட்டிப்போவதாக அறிவித்தார். முதலாளியே செலவு செய்து பாஸ்போர்ட் எடுத்தார். கோயிலில் ஜெபம், மாலை, போட்டோ, மேளம் என்று நாகலூரே திரண்டு வழியனுப்பியது. அந்த ஊரிலிருந்து ஆகாய விமானம் ஏறும் முதல் ஆள் அவர்தான். ஒன்பது நாள் கழித்து முதலாளி மட்டும் திரும்பி வந்தார். "உம்புருசன் ஓட்டல்லயே ஒரு வெள்ளைக்காரியோட சிநேகம் புடிச்சு, சொல்லாம கொள்ளாம போயிட்டான்மா" என்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அது நடந்தது முந்தாநாள்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அந்த ஓட்டலுக்கே போன் போட்டுக் கேட்டார்கள். ஆமாம், சூசைமாணிக்கம் என்பவர் பதினோராம் மாடியில் தங்கியிருந்தார், கடைசி நாளன்று காலி செய்துவிட்டார் என்று பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் அதோடு கையை உதறிவிட்டார். குவார்ட்டர்ஸை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆள் வந்து போயாயிற்று.

"காப்பி குடிங்க" என்று இரண்டு டம்ளரை நீட்டினாள் ஞானசுந்தரி.

இன்பமேரி ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைத் தேய்த்தாள். "அக்கா, இது காப்பிங்களா, கசாயமுங்களா? ஒரு வாரமா அடைச்சிருந்த மூக்கு பட்டுனு தொறந்துக்கிச்சு."

"மன்னிச்சுக்கங்க கண்ணு. எனக்கு எதுவும் நெனப்புல இல்ல. என்னத்தப் போட்டனோ."

அங்கப்பன் உதவியாளரை முறைத்துவிட்டுப் பெட்டிக்குள் கைவிட்டார். மேலாக இருந்தது ஓட்டல் சாமான்: பேர் பொறித்த சோப்பு, வெள்ளைச் செருப்பு, குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் உறை. அதை எடுத்து இன்பமேரி தலையில் மாட்டிப் பார்த்தாள்.

"பாஸ், இட்லிச் சட்டிக்கு மூடி இல்லைன்னா இது போதும்."

"கழட்டு."

அடியில் சூசைமாணிக்கத்தின் வேட்டி, சட்டை, ஸ்வெட்டர். அதற்கும் அடியில் ஒரு எவர்சில்வர் சொம்பு. வாயைத் துணியால் மூடிக் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. முடிச்சுக்குள் மாதா சுரூபம் போட்ட சின்ன மெடல் ஒன்று தொங்கியது.

"இது?"

"பருப்புப் பொடிங்க. ஓட்டல்ல போய்த்தான் அவுக்கோணும்னு சொல்லிக் கட்டினேன். வேளாங்கண்ணிக்குப் போனப்ப கட்டிக் கொடுத்த பண்டத்தையெல்லாம் மலையெறங்கி அயோத்தியாப்பட்டணம் தாண்டறதுக்குள்ள தின்னு தீத்தவருங்க அவரு." அவள் ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள். "பொடி தீந்துட்டா சொம்பு பாத்ரூமுக்கு ஆகும்னு நெனச்சேன். அந்த ஊருல தண்ணி வெக்க மாட்டாங்க, காயிதந்தான்னு மொதலாளியே சொன்னாருங்க."

அங்கப்பன் சொம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்த முடிச்சு யார் போட்டது அம்மிணி?"

"நாந்தான். மெடலைக் கோத்து நான் போட்ட முடிச்சு. யாரும் தொடவே இல்ல போல இருக்குதே..."

இன்பமேரி மெதுவாக விசில் அடித்தாள்.

"ஒன்பது நாள். பதினோராம் மாடி. ஒரு நாகலூர்க்காரரு ஒன்பது நாள் காயிதத்தோட குடும்பம் நடத்திட்டு, சொம்பைத் தொடவே இல்லையாம். பாஸ், இதைக் கேட்டா எங்கப்பா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து சண்டை போடுவாரு."

"இந்தச் சொம்பு அந்த ஓட்டலுக்குப் போகல" என்றார் அங்கப்பன். "போயிருந்தா, கொண்டுபோன ஆள் சொம்புக்குச் சொந்தக்காரர் இல்ல. வாங்க, ஓட்டலையே கேட்டுருவோம்."

ஞானசுந்தரி சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அங்கப்பனின் பழைய பியட் கார் ஏற்காட்டுக்குப் போய்ச் சேரும்வரை அதை விடவே இல்லை.

ஏரிக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்தில்தான் வெளிநாட்டு லைன் கிடைக்கும். ஐப்பசி மழையில் மலை மேல் பாதி லைன்கள் செத்துக் கிடந்தன. இன்பமேரி கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். நடுவில் சிரித்தாள், கெஞ்சினாள், யாரையோ பாராட்டினாள். வெளியே ஞானசுந்தரி கண்ணை மூடி, வந்த ஜெபத்தையெல்லாம் வரிசை தப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அங்கே இருந்தார் என்று வந்தாலும் வயிறு எரியும், இல்லை என்று வந்தாலும் எரியும். எது வர வேண்டும் என்று ஜெபிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இன்பமேரி வெளியே வந்தாள். முகத்தில் கிண்டலைக் காணோம்.

"அக்கா, உங்க ஊட்டுக்காரருக்கு நீச்சல் தெரியுமுங்களா?"

"நீச்சலா? போன வருசம் மலர்க் கண்காட்சிக்கு வந்தப்ப இந்த ஏரியில படகுல ஏறலாம்னு கூப்பிட்டதுக்கே சிலுவை போட்டுக்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டாருங்க."

"அங்க தங்கின சூசைமாணிக்கம் தினமும் காலையில ஓட்டல் நீச்சல் குளத்துல எறங்கினா வெளிய வரவே மாட்டாராம். தலைகீழாப் பாய்வாராம். துண்டு குடுக்கற பொண்ணு உசத்தி உசத்திப் பேசறா. அந்தக் குளத்துக்கு மேல கண்ணாடிக் கூரையாம், தண்ணி வெதுவெதுன்னு இருக்குமாம், எனக்கே போகணும்னு ஆசை வந்துருச்சு."

அவர் வெள்ளைக்காரியோடு போகவில்லை. அவர் அங்கே போகவே இல்லை. ஒரு நொடி ஞானசுந்தரியின் நெஞ்சு குளிர்ந்துதான் போயிற்று. அடுத்த நொடி சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். அங்கே போகவில்லையென்றால் எங்கே?

"நாகலூர்ல நீச்சல் அடிச்சுக் கோப்பை வாங்கின ஆளு யாராச்சும் உண்டா அம்மிணி?" என்று கேட்டார் அங்கப்பன்.

"மொதலாளியோட தம்பி தனபாலுங்க. பங்களா ஹால் பூரா அவரு வாங்கின கோப்பைதான். ஆனா அவருதான் குப்பனூர் ரோட்டுல ஜீப்பை ஏத்தி ரெண்டு பேரைக் கொன்னுட்டு..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலைமறைவா இருக்காரு" என்று முடித்தார் அங்கப்பன். "போலீஸ் தேடிட்டிருக்குது. சொந்தப் பாஸ்போர்ட்ல போனா ஏர்போர்ட்லயே புடிச்சுருவாங்க. அதுக்குத்தான் ஊரறிய ஒரு ரைட்டருக்குப் பாஸ்போர்ட் எடுத்து, ஊரறிய மாலை போட்டு அனுப்பினாரு அண்ணன். போட்டோவை மட்டும் மாத்தி ஒட்டினாப் போதும். தம்பி பதினோராம் மாடியில சொகுசா இருந்துட்டு, அங்கிருந்து வேற நாட்டுக்கு நடையைக் கட்டியிருப்பான்."

"அப்ப இவரு? இவரை என்ன பண்ணுனாங்க?"

அங்கப்பன் அவள் பக்கம் திரும்பினார். "தம்பி நடுவழியில மாட்டிக்கிட்டா, 'பாஸ்போர்ட் திருடு போச்சு, எங்க ஆளு இந்தா இருக்கான்'னு காட்டறதுக்கு ஒரு சூசை வேணும் அம்மிணி. அதனால உசுரோடதான் வெச்சிருப்பாங்க. தம்பி பத்திரமாப் போய்ச் சேர்ந்தான்னு தகவல் வர்ற வரைக்கும்."

"எல்லாருக்கும் இன்னைக்கு வெளிநாட்டு யோகம் போல" என்று பூத்துக்காரர் சில்லறையை எண்ணியபடி பேச்சில் கலந்துகொண்டார். "எஸ்டேட் லைன் செத்துப்போச்சுன்னு கந்தசாமி அய்யாவும் நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் இங்க வந்து பேசிட்டுப் போனாருங்க. என்ன நல்ல சேதியோ, மீதிச் சில்லறையக்கூட வாங்காம சிரிச்ச மொகமாப் போறாரு."

ஞானசுந்தரி அப்படியே பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை எஸ்டேட், எத்தனை பங்களா, எத்தனை பள்ளம்! இந்த மலையில் ஒரு மனுஷனை ஒளித்து வைத்தால் எங்கே போய்த் தேடுவது? அதற்குள் அவர் வேண்டாதவராகியும்விட்டார். பெரிய குரலெடுத்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது.

இன்பமேரி ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். "ஒரு வாய் குடிங்கக்கா. இதுல உங்கூட்டு மருந்து வாசமெல்லாம் இல்ல."

அங்கப்பன் சடாரென்று திரும்பினார். "என்ன வாசம்னே?"

"தைல வாசம் பாஸ். நெத்தியில தேய்க்கற நீலகிரித் தைலம் இருக்குதுல்ல, அதைக் கலந்த மாதிரி. அப்பவே சொன்னேன், நீங்கதான் முறைச்சீங்க."

"அம்மிணி, காலையில போட்ட தூள் எங்கத்துத் தூள்?"

"ஊட்டுத் தூளு தீந்துபோச்சுங்க. பெட்டியில சாம்பிள் பொட்டலம் இருந்துச்சு. கண்காட்சியில வெக்கறதுக்கு அவரே வறுத்து அரைச்சு எடுத்துட்டுப் போனது. அதுலதான்..." ஞானசுந்தரி டம்ளரைக் கீழே வைத்தாள். மெதுவாக எழுந்து நின்றாள். "காப்பி பக்கத்துல இருக்கற வாசத்தையெல்லாம் இழுத்துக்குமுங்க. குடோன்ல மெளகு மூட்டையைக்கூட ஒட்டி வெக்க உட மாட்டாரு. மீன் விக்கற கண்ணாயி ஒருக்கா மீன் கூடையைக் கொண்டாந்து வெச்சுட்டான்னு எத்தனை சத்தம் போட்டாரு! இந்தப் பொட்டலம் தைலத்துக்குப் பக்கத்துலயே கெடந்திருக்குது. நாள் கணக்காக் கெடந்திருக்குது."

"இங்க தைலம் எங்க காச்சறாங்க?"

"இப்ப எங்கயும் இல்லீங்க. மொதலாளியோட அப்பா காலத்துல காச்சினாங்க. கரடியூர் போற வழியில, தைல மரக் காட்டுக்குள்ள அந்தக் கொட்டாய் பூட்டிக் கெடக்குது. யாரும் அந்தப் பக்கம் போறதில்ல."

இன்பமேரி மறுபடி பூத்துக்குள் பாய்ந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுவிட்டு, நகர ஆரம்பித்த காரில் ஓடிவந்து ஏறினாள். "இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டாரு பாஸ். தனபால்னு பேரைச் சொன்னதும் கொட்டாவி பாதியில நின்னுருச்சு. வருவாரு."

பியட் முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் ஒரு ஜீப்பின் பின்புறம் தெரிந்துவிடுமோ என்று ஞானசுந்தரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சு இறங்கி ரோட்டை மூடியது. அங்கப்பன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. தைல மரங்கள் தொடங்கிய இடத்தில் காரைப் புதருக்குள் தள்ளி நிறுத்திவிட்டு மூவரும் நடந்தார்கள். அவள் நடக்கவில்லை, ஓடினாள். ஈரச் சருகு வழுக்கி ஒரு தடவை விழுந்தாள். சொம்பு மட்டும் கீழே படவில்லை.

தகரக் கொட்டகை. கதவில் பூட்டு இருக்கும், உடைக்க வேண்டும் என்று அங்கப்பன் ஒரு இரும்புக் கம்பியோடு வந்திருந்தார். பூட்டையே காணோம். கதவு சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே யாரோ பேசுகிற சத்தம்.

"...லிப்ட்ல ஏறி பொத்தானை அமுக்குனா பதினொண்ணாவது மாடிங்க. ரூம் பூரா கம்பளம். சன்னல் திரையை விலக்குனா ஊரே காலடியில கெடக்கும். குழாயைத் திருப்புனா சுடுதண்ணி. கட்டில்ல படுத்தா..." ஒரு காகிதம் புரளும் சத்தம். "கட்டில்ல படுத்தா... மெத்தை இடுப்பு வரைக்கும் உள்ள வாங்குமுங்க."

ஞானசுந்தரி கதவோடு காதை வைத்தாள். அந்தக் குரலை அவள் பாதித் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். உயிரோடு இருக்கிறார்! முட்டாள்தனமாக ஏதோ செய்துகொண்டு, உயிரோடு இருக்கிறார்! யாரோடு பேசுகிறார் என்று இன்பமேரி தகர இடுக்கு வழியே பார்த்துவிட்டு, ஒற்றை விரலைக் காட்டினாள். தனியாகத்தான் இருந்தார்.

சந்தோஷமும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வர, கதவுக்கு வெளியே நின்றபடியே கேட்டாள்:

"ஏனுங்க, அந்த ஓட்டல்ல சொம்பு குடுத்தாங்களா?"

உள்ளே காகிதம் மடியும் சத்தம் கேட்டது. கதவு மெல்லத் திறந்தது. பதினொரு நாள் தாடியோடு சூசைமாணிக்கம் நின்றார். கையில் ஓட்டலின் படம் போட்ட பளபளப்பான விளம்பரப் புத்தகம். அவருக்குப் பின்னால், தைலம் காய்ச்சும் பெரிய செம்பு அண்டாவின் பக்கத்தில் ஒரு கோரைப்பாய்.

"ஞானம்... நீ எப்புடி..."

"உங்களைக் கட்டி வெச்சாங்களா? அடிச்சாங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "யாரும் கட்டல. நானாத்தான் இருந்தேன். ரயில் ஸ்டேசனுக்குப் போற வழியில ஜீப்பை நிறுத்தி மொதலாளி சொன்னாரு, எனக்கு மட்டும் விசா வரல, நான் வர முடியாதுன்னு. ஜெபம் பண்ணி, மாலை போட்டு, மேளம் அடிச்சு அனுப்பினாங்களே ஞானம்! பொழுது சாயறதுக்குள்ள எப்புடி அதே ரோட்டுல திரும்பி வர்றது? ஊரு சிரிச்சுத் தொலைக்குமே. 'நான் வர்ற வரைக்கும் இங்க ஒளிஞ்சிரு ரைட்டரே, உனக்கும் சேத்து சாமான் வாங்கியாறேன், போயிட்டு வந்த மாதிரியே ஊருக்குள்ள போயிரலாம்'னாரு. சரின்னுட்டேன். என்ன சொல்லோணும்னு இதைப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன்."

பூட்டு எதற்கு? அவருடைய வெட்கமே போதுமான பூட்டாக இருந்திருக்கிறது. கந்தசாமி ஆளை எடை போட்டுத்தான் கூட்டிவந்திருந்தார்.

"பெட்டி?" என்றார் அங்கப்பன்.

"ஓட்டல் சாமானை உள்ள அடுக்கித் தாரேன்னு முந்தாநாள் வாங்கிட்டுப் போனாருங்க." சூசைமாணிக்கத்தின் கண் மனைவியின் கையிலிருந்த சொம்பில் நின்றது. "பொடியை நான் தொடல ஞானம். ஓட்டல்ல போய்த்தான் அவுக்கோணும்னு நீ சொன்ன. பசியில அஞ்சாறு தடவை கையில எடுத்தேன். நாந்தான் ஓட்டலுக்கே போவலியேன்னு வெச்சுட்டேன்."

ஞானசுந்தரி அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே கையால் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கோட முடிஞ்சுது" என்றார் அவர் அவசரமாக. "கரடியூர்ப் பாறை மேல நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துட்டு, அப்புடியே ஊட்டுல கொண்டாந்து உடறேன்னு சொல்லியிருக்காரு."

மலையின் அந்தப் பாறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் இல்லை. வெறும் ஆகாயம்தான்.

"உங்க பெட்டி முந்தாநாளே ஊட்டுக்கு வந்துருச்சுங்க" என்றாள் ஞானசுந்தரி. "நீங்க வெள்ளைக்காரியோட ஓடிட்டீங்கன்னு சொல்லி அந்த ஆளுதான் குடுத்தாரு. திரும்பி வரப்போற ஆளைப் பத்தி யாராச்சும் அப்புடிச் சொல்லுவாங்களா?"

சூசைமாணிக்கம் அதைப் புரிந்துகொண்டபோது அவர் கையிலிருந்த புத்தகம் தானாகக் கீழே விழுந்தது.

வெளியே ஜீப் சத்தம். அங்கப்பன் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். பின்பக்கத் தகரத்தை விலக்கிக்கொண்டு இன்பமேரி எப்போது நழுவினாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"ரைட்டரே! கெளம்பியாச்சா? வெளிச்சம் போறதுக்குள்ள பாறைக்குப் போயிரலாம் வா!"

பழக்க தோஷத்தில் சூசைமாணிக்கம் "வந்துட்டனுங்க" என்று சொல்ல வாயெடுத்தார். ஞானசுந்தரி அந்த வாயைப் பொத்திவிட்டு, தானே போய்க் கதவை விரியத் திறந்தாள்.

"ஏனுங்க மொதலாளி, எங்க ஊட்டுக்காரரு ஓடிப்போயிட்டாருன்னீங்களே. இங்க வந்து எந்த ரைட்டரைக் கூப்புடறீங்க?"

கந்தசாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் பணக்கார மூளை, ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டது. "இங்க... இங்க ஒளிஞ்சிருக்கான்னு இப்பத்தாம்மா தகவல் வந்துச்சு. கூட்டிட்டுப் போகத்தான்..."

"போட்டோ எடுக்க வர்றதா சொன்னீங்களாமே" என்றபடி கதவுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார் அங்கப்பன். "காமிரா எங்கங்க?"

கந்தசாமியின் இரண்டு கையும் வெறுங்கையாக இருந்தன. அவரே ஒருமுறை அவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி ஜீப்பை நோக்கி ஓடினார். டிரைவர் சீட்டில், தலையில் ஓட்டல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு இன்பமேரி உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரூம் காலி இல்லீங்களே சார்" என்றாள்.

கீழே வளைவில் போலீஸ் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. கந்தசாமி ஒரு மரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே சூசைமாணிக்கம் கோரைப்பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். உயிர் தப்பியது இன்னும் அவர் மனதில் ஏறவில்லை. வேறு ஒன்றுதான் அரித்துக்கொண்டிருந்தது.

"ஊருல கேட்டா என்ன சொல்றது ஞானம்? ஓட்டல் எப்புடி இருந்துச்சுன்னு கேப்பாங்களே."

ஞானசுந்தரி அவர் எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். சொம்பின் முடிச்சில் விரலை விட்டாள். மெடலை உருவித் தன் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டாள். துணியை விலக்கி, ஒரு பிடிப் பொடியை அள்ளி அவர் வாயில் வைத்தாள்.

"நான் அந்த ஓட்டலுக்குப் போகவே இல்லைன்னு சொல்லுங்க. சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். அதைக் கேக்கறதுக்கு நீங்க இருக்கறீங்கல்ல, அது போதுமுங்க எனக்கு."

சோறில்லாத வெறும் பொடி தொண்டையை அடைத்தது. சூசைமாணிக்கம் இருமினார். கண்ணில் நீர் வர, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கொட்டகையே அதிர இருமினார். அந்த இருமலைக் கேட்டபோதுதான் ஞானசுந்தரி வாய்விட்டு அழுதாள்.